கியோட்டோவில் ஓர் இளவேனில்



"வெளிநாட்டில் மாணவராக இருந்தபோது தாங்கள் நுகர்ந்த இன்பங்களைப் பற்றிப் பேசுங்கள்" என்று இந்நிலையத்தார் என்னைக் கேட்டபோது எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. வெளிநாடு சென்று வந்தவர் என்றால் வானளாவிய கட்டடங்களைப் பற்றியும், மின்னல் வேகத்தில் ஓடும் தொடர்வண்டிகளைப் பற்றியும் சொல்லுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவற்றை நானும் கண்டேன். ஆயினும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் இன்று கண்ணை மூடினால் அவை எதிரே வந்து நிற்கவில்லை. ஒரு பறவையின் குரலும், ஒரு வாளித் தண்ணீரில் மிதந்த நாணயமும், வகுப்பறைக்குள் பறந்து வந்த சில பூவிதழ்களுமே நினைவுக்கு வருகின்றன. 1989-ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில், ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில், காசு செலவில்லாமல் எனக்குக் கிடைத்த சிறு சிறு இன்பங்கள் இவை. அவற்றைச் சொல்லும்போது, ஆசிரியன் என்ற முறையில் நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக நான் பணி தொடங்கிய காலம். ஆசிரியப் பயிற்சியில் தேர்ச்சி பெற்றவன். பாடத்தை நன்றாக நடத்துகிறவன் என்ற பெயரும் இருந்தது. "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவார்" என்ற பழமொழியை நம்பியவர்களுள் நானும் ஒருவன். ஆறாம் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம் நின்றது. ஜன்னலோரம் அமர்ந்திருந்த பையன் ஒருவன் எப்போதும் அந்த மரத்தையே பார்த்துக் கொண்டிருப்பான். 1988-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், கணக்குப் பாடம் நடந்து கொண்டிருக்கையில், மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தும் அவன் திரும்பவில்லை. எழுந்து நிற்கச் சொல்லிப் பிரம்பால் இரு கைகளிலும் அடித்தேன். இடத்தை மாற்றிச் சுவரோரமாக அமர்த்தினேன். பையன் அழவில்லை. எதைப் பார்த்தாய் என்று நான் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. அன்று அது எனக்கு ஒரு பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. கடமையைச் செய்தோம் என்றே எண்ணி வீடு திரும்பினேன்.

அதே ஆண்டு அக்டோபரில் எனக்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. பிற நாடுகளில் பணியாற்றும் ஆசிரியர்களை அழைத்து, தம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றரை ஆண்டு பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றை ஜப்பானிய அரசு நடத்தி வருகிறது. அதன் உதவித்தொகை எனக்குக் கிடைத்தது. கியோட்டோவின் தென்பகுதியாகிய ஃபுஷிமியில் உள்ள கல்விப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மொழிப் பயிற்சி. அதன் பின்னரே ஆய்வு.

அங்கு எனக்கு வாய்த்த குடியிருப்பு நாலரைப் பாய் அறை. வியப்படையாதீர்கள், ஜப்பானியர் தரையிற் பதிக்கும் கோரைப் பாய்களின் எண்ணிக்கையைக் கொண்டே அறையின் பரப்பைக் கூறுவர். நாலரைப் பாய் என்றால் ஒருவர் படுக்கலாம்; மற்றொருவர் வந்தால் உட்காரலாம். குளியலறை கிடையாது, தெருக்கோடியிலுள்ள பொதுக் குளியலகத்துக்குத்தான் செல்ல வேண்டும். ஊரில் தங்கையின் திருமணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு யென்னையும் எண்ணி எண்ணியே செலவழித்தேன். குளிர்காலம் வந்தது. கொங்கு நாட்டு வெயிலில் வளர்ந்த உடம்பு. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊர். பல்கலைக்கழகம் விட்டால் அறை, அறை விட்டால் பல்கலைக்கழகம் என்று புத்தகத்துக்குள் புதைந்து கிடந்தேன். சம்பளமும் குடும்பமும் விட்டு வந்தவன் வேடிக்கை பார்க்கலாமா என்பது என் எண்ணம்.

எனக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியர் வயது முதிர்ந்தவர், அதிகம் பேசாதவர். ஜனவரி மாதக் கடைசியில் என்னை அழைத்து, மெல்லிய குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தார். "நாளை முதல் நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து வாருங்கள். நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கும். அதைப் பற்றி ஜப்பானிய மொழியில் ஐந்து வரி எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். மொழிப் பயிற்சிக்காகவே இதைச் சொல்லுகிறார் என்று நான் எண்ணினேன். முதல் நாள் குளிரில் நடுங்கிக் கொண்டே தெருவைச் சுற்றி வந்து, "இன்று புதிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையால் இலக்கணப் பிழையைத் திருத்திவிட்டு, அதன் கீழே, "மறுபடியும் போய்ப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். போனேன். அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக் கொண்டுதான் இப்போது பேசுகிறேன்.

அந்நாட்டுப் பழைய பஞ்சாங்கப்படி பிப்ரவரி 4-ஆம் நாளையொட்டி வசந்தம் பிறக்கிறது. அதற்கு முந்திய இரவில் வறுத்த சோயாப் பயற்றை வாசலில் வீசி, "பேய் வெளியே, நலம் உள்ளே" என்று கூவுவார்கள். நம் போகிப் பண்டிகையின் நோக்கமும் ஏறக்குறைய இதுதானே? அவரவர் வயதின் எண்ணிக்கைக்குப் பயறு தின்ன வேண்டும் என்பது வழக்கம். என் வீட்டுக்காரர் என் வயதைக் கேட்டு, எண்ணிக் கையில் போட்டார். குளியலகத்திலிருந்து திரும்பும் வழியில் அவற்றை ஒவ்வொன்றாகக் கொறித்தேன். வெளியே கடுங்குளிர், கையில் வறுத்த பயற்றின் இளஞ்சூடு. குறிப்பேட்டில் நான் எழுதிய முதல் இன்பம் அதுதான்.

பிப்ரவரி 25-ஆம் நாள் கிதானோ தென்மான்கூ என்னும் கோயிலுக்குச் சென்றேன். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகவாரா நோ மிச்சிசானே என்ற பேரறிஞர் அங்கே கல்வித் தெய்வமாக வணங்கப் பெறுகிறார். பொய்ப் பழி சுமத்தப்பட்டு 901-ஆம் ஆண்டில் தலைநகரை விட்டு அனுப்பப்பட்டு, 903-ஆம் ஆண்டில் அயலூரிலேயே உயிர் நீத்தவர் அவர். அவர் மறைந்த நாளில் அங்கே ஊமே மரத் திருவிழா நடைபெறுகிறது. ஊமே என்பது பிளம் இனத்து மரம். அது இலையே இல்லாத கரிய கொம்புகளில், பனி முற்றும் நீங்குமுன்பே, வெண்மையும் செம்மையுமாகப் பூக்கிறது, மணமும் உண்டு. கோயில் வளாகமெங்கும் படுத்திருக்கும் எருதுகளின் சிலைகள். தேர்வு எழுதப் போகும் மாணவர்கள் அந்த எருதின் தலையைத் தடவிவிட்டுத் தம் தலையைத் தடவிக் கொள்ளுகிறார்கள். பல ஆயிரம் கைகள் தடவித் தடவி எருதின் தலை பளபளவென்று மின்னுகிறது. காங்கேயம் காளைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அயல்நாட்டில் கண்ட அந்த எருது உறவினரைப் போலத் தோன்றியது. மொழித் தேர்வு நெருங்கிக் கொண்டிருந்ததால் நானும் தடவிக் கொண்டேன்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் உகுயிசு என்னும் பறவையின் குரல் கேட்டது. ஆலிவ் காயின் மங்கிய நிறமுடைய சிறு குருவி, புதருக்குள் மறைந்திருக்கும், கண்ணுக்கு எளிதில் அகப்படாது. ஜப்பானியர் அதன் பாட்டை "ஹோ... ஹொக்கெக்யோ" என்று ஒலித்துக் காட்டுவர். முதற்பகுதி நீண்ட குழலோசை. பிற்பகுதி சட்டென்று வளைந்து முடியும் சுழிப்பு. ஆனால் முதல் நாளிலேயே அது ஒழுங்காகப் பாடிவிடுவதில்லை. "ஹோ" என்று தொடங்கும், பாதியில் தடுமாறும், சிறிது நேரம் பேசாதிருந்து மீண்டும் தொடங்கும். பல்கலைக்கழகத்தின் பின்புறமிருந்த மூங்கிற் புதரில் ஒரு குருவி இவ்வாறு பாடம் படித்துக் கொண்டிருந்தது. நானும் அப்போது ஜப்பானிய மொழியின் வினைச்சொற்களோடு போராடிக் கொண்டிருந்தேன். மார்ச் மாத நடுவில் ஒருநாள் காலை அந்தப் பாட்டு முழுமையாக, பிழையின்றி வந்தது. பாதையில் நின்று கைதட்டினேன். எதிரே சைக்கிளில் வந்த அம்மையார் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கொண்டே சென்றார்.

அடுத்து நான் கண்டது ட்சுகுஷி. ஆற்றங்கரைப் புல்லிடையே, எழுதுகோல் பருமனில், தவிட்டு நிறத்தில் தலைதூக்கும் ஒரு முளை. பூவாத் தாவர இனத்தைச் சேர்ந்தது. அதன் பெயரை எழுதுவதற்கு "மண்" என்ற எழுத்தையும் "தூரிகை" என்ற எழுத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். மண்ணிலிருந்து முளைத்த தூரிகை! ஓர் ஆசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் பெயர் வேறு உண்டா? கமோ ஆற்றங்கரையில் சிறுவர்களும் பாட்டிமார்களும் குனிந்து குனிந்து இதைப் பறிப்பார்கள். தண்டிலுள்ள உறைகளை நீக்கி வேகவைத்து உண்பார்கள். நானும் ஒரு பிடி பறித்துச் சமைத்துப் பார்த்தேன். சிறிது கசந்தது, ஆனால் நானே பறித்தது என்ற எண்ணத்தால் அதுவும் இனித்தது.

குளிர் குறையக் குறைய ஊரின் முகம் மாறியது. மாடி கைப்பிடிகளிலெல்லாம் மெத்தைகள் வெயில் காய்ந்தன. வெயிலில் உலர்ந்த மெத்தையில் இரவு படுக்கும்போது எழும் மணத்தை, நெல் உலர்த்திய களத்தின் மணத்தோடுதான் என்னால் ஒப்பிட முடியும். நாடு திரும்பும் மாணவர் ஒருவரிடமிருந்து பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். கடைகளின் இறவாணங்களில் தகைவிலான்கள் கூடு கட்டத் தொடங்கின. எச்சம் விழுந்து கடை அழுக்காகிறதே என்று எவரும் கூட்டைக் கலைக்கவில்லை. கூட்டின் கீழே ஒரு சிறு பலகையை அறைந்துவிடுகிறார்கள். பறவைக்கும் இடம், கடைக்கும் தூய்மை.

ஏப்ரல் முதல் நாளன்று ஜப்பானில் முதன்முதலாக நுகர்வு வரி நடைமுறைக்கு வந்தது, நூற்றுக்கு மூன்று. நூறு யென் கீரைக்கட்டு நூற்று மூன்று யென் ஆயிற்று. எண்ணி எண்ணிச் செலவழித்த எனக்கு இஃது ஓர் இடிதான். காய்கறிக் கடைப் பாட்டியும் அன்று முழுவதும் ஒரு யென் நாணயங்களைத் தேடி அல்லல்பட்டார். அலுமினியத்தால் ஆன அந்த நாணயத்தின் எடை சரியாக ஒரு கிராம். ஒரு பக்கத்தில் இளமரக் கன்றின் உருவம். என் வாடிய முகத்தைப் பார்த்த பாட்டி, "ஐயா, இங்கே பாருங்கள்" என்று கூறி, கீரை அலசும் வாளியில் நாணயத்தை மெல்லப் படுக்க வைத்தார். அது மிதந்தது! நீரின் மேற்பரப்பு இழுவிசையைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியவன் நான்; அவ்வளவு அழகான செய்முறை விளக்கத்தை நான் ஒருபோதும் செய்து காட்டியதில்லை. அந்தப் பாட்டியிடம்தான் பின்னர் மூங்கிற் குருத்தும் வாங்கினேன். குருத்தோடு ஒரு கைப்பிடித் தவிடும் மடித்துக் கொடுத்தார். தவிட்டு நீரில் வேகவைத்தால் அதன் காறல் நீங்குமாம்.

இனி, நீங்கள் எதிர்பார்த்துக் கொண்டிருக்கும் சகுரா மலருக்கு வருகிறேன். ஒவ்வோர் ஊரிலும் வானிலை ஆய்வு நிலையத்தார் ஒரு மாதிரி மரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பூக்கள் மலர்ந்துவிட்டால் பூப்புத் தொடங்கிற்று என்று அறிவிப்பார்கள்; ஏறத்தாழ எண்பது விழுக்காடு மலர்ந்தால் முழுப் பூப்பு என்பார்கள். மழைச் செய்தி கேட்பது போல மக்கள் வானொலியில் பூச்செய்தி கேட்கிறார்கள். சோமெய் யோஷினோ என்ற இனமே எங்கும் மிகுதியாக நடப்பட்டிருக்கிறது. இந்த இனத்து மரங்களெல்லாம் விதையிலிருந்து முளைத்தவை அல்ல. ஒரு மரத்திலிருந்து ஒட்டுப் போட்டு வழிவழியாகப் பெருக்கப் பெற்றவை. ஆகவே ஓரிடத்து மரங்களெல்லாம் ஒரே வேளையில் பூக்கின்றன. ஒரே வேளையில் உதிர்கின்றன. மற்றொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. சென்ற கோடையிலேயே உருவான பூமொட்டு உறங்கிக் கிடக்கிறது. குளிர்காலத்துக் கடுங்குளிர் போதிய நாள் தாக்கிய பின்னரே அவ்வுறக்கம் கலைகிறது. அதன் பிறகு வரும் வெப்பத்தால் மொட்டு வளர்கிறது. நாலரைப் பாய் அறையில் நான் நடுங்கிக் கொண்டிருந்த அதே இரவுகளில்தான் அம்மரங்கள் பூப்பதற்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தன.

கியோட்டோவின் பூக்களைக் காணப் பிவா ஏரிக் கால்வாய்க் கரைக்குச் செல்ல வேண்டும். மலையைக் குடைந்து ஏரி நீரை நகருக்குக் கொண்டு வந்த அக்கால்வாய் 1890-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதை முன்னின்று கட்டிய தனாபே சகுரோ, பொறியியற் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளைஞர். மாணவராக இருந்தபோதே இக்கால்வாயைப் பற்றி ஆய்வுரை எழுதியவர். ஒரு மாணவன் எழுதிய கட்டுரை ஒரு நகருக்கு நீராகவும், அடுத்த ஆண்டிலேயே மின்சாரமாகவும் பயன்பட்டது. அதன் கிளைக்கால்வாயின் ஓரமாகத்தான் "மெய்யறிவாளர் பாதை" என்று பெயர் பெற்ற நடைபாதை செல்லுகிறது. ஹஷிமோட்டோ கன்செட்சு என்ற ஓவியரும் அவர் மனைவியும் 1921-ஆம் ஆண்டில் அதற்கு மரக்கன்றுகளை வழங்கினர்.

பிற நாட்டு மாணவர் சிலரோடு அங்கே சென்றேன். நான் எலுமிச்சைச் சோறு கிளறிக் கொண்டு போனேன். எங்கள் கூட்டத்தில் இருந்த ஜப்பானிய மாணவி ஒருத்தி, உப்பிலிட்ட சகுரா இலையில் பொதிந்த, உள்ளே இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்த கொழுக்கட்டை போன்ற பண்டத்தைக் கொண்டு வந்தாள். மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். முதலாளியும் தொழிலாளியும், கிழவரும் குழந்தையும் எங்கும் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். எவருக்கும் அங்கே வேறு வேலையில்லை. பூவைப் பார்ப்பதே வேலை. காற்று வீசியது. இதழ்கள் எலுமிச்சைச் சோற்றின்மேல் விழுந்தன. கால்வாய் நீரில் விழுந்த இதழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தெப்பம் போல மிதந்து சென்றன. அதைப் "பூத்தெப்பம்" என்றே அவர்கள் அழைக்கிறார்கள்.

ஏப்ரல் மாதந்தான் அங்கே கல்வியாண்டின் தொடக்கம். முதுகை மறைக்கும் தோற்பைகளைச் சுமந்து, மஞ்சள் தொப்பி அணிந்து, முதல் வகுப்புக் குழந்தைகள் உதிரும் பூக்களினூடே பள்ளிக்கு நடந்து செல்லும் காட்சி இனியது. அம்மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு வகுப்பு பார்க்கச் சென்றேன். மூன்றாம் வகுப்பு, வகுத்தற் கணக்கு நடந்து கொண்டிருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. திடீரென்று காற்றெழுந்து, வெளியே நின்ற சகுரா மரத்தின் கடைசி இதழ்களை அள்ளிக் கொண்டு வந்து வகுப்பறைக்குள் கொட்டியது. ஜன்னலோரம் இருந்த சிறுவன் ஒருவன், "பனி! பனி!" என்று கத்திக் கொண்டே எழுந்துவிட்டான்.

பின்வரிசையில் அமர்ந்திருந்த என் உடல் ஒரு கணம் விறைத்தது. அடி விழப் போகிறது என்று எதிர்பார்த்தேன். அந்த ஆசிரியை சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். "இரண்டு நிமிடம்" என்றார். முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் ஜன்னலண்டை ஓடினார்கள். ஆசிரியையும் சென்று அவர்களோடு நின்றார். இரண்டு நிமிடம் கழித்து எல்லாரும் தத்தம் இடத்துக்கு வந்தபோது, "மேசையின்மேல் விழுந்த இதழ்களைக் கூட்டுங்கள். ஒரு பூவுக்கு ஐந்து இதழ். அப்படியானால் உங்கள் வரிசைக்கு எத்தனை பூக்கள் வந்து சேர்ந்தன?" என்று கேட்டார். ஒரு வரிசையில் முப்பத்தைந்து இதழ்கள், ஏழு பூக்கள். மற்றொரு வரிசையில் ஏழு பூக்கள் போக மூன்று இதழ்கள் மீதி. அன்று அக்குழந்தைகளுக்கு மீதி என்றால் என்னவென்று நன்றாக விளங்கியது.

எனக்கும் ஒன்று விளங்கியது. அன்றிரவு குறிப்பேட்டில் ஐந்து வரி எழுத முடியவில்லை. புங்கமரத்து ஜன்னலும், நீட்டிய இரண்டு சிறு கைகளுமே கண்முன் நின்றன. அதை எழுதினேன், ஐந்து வரிக்குப் பதிலாக இரண்டு பக்கம். பேராசிரியர் படித்தார். அன்று இலக்கணப் பிழை ஒன்றையும் திருத்தவில்லை. "அந்தச் சிறுவன் எதைப் பார்த்தான்?" என்று மட்டும் எழுதியிருந்தார். என்னிடம் விடை இல்லை.

மே மாதம் பிறந்தது. வசந்தம் பிறந்த நாளிலிருந்து எண்பத்தெட்டாம் நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கத் தக்கது என்பது பழைய கணக்கு; அது மே 2-ஆம் நாளையொட்டி வரும். கியோட்டோவுக்குத் தெற்கே உஜியில், கொழுந்தின்மேல் வெயில் படாதபடி நாணற் பந்தலும் வைக்கோலும் பரப்பி, அதன் நிழலில் தேயிலை வளர்க்கிறார்கள். சைக்கிளில் சென்று அதைப் பார்த்தேன். 5-ஆம் நாள் குழந்தைகள் திருநாள். வீடுகளின் மேலே துணியாற் செய்த கெண்டை மீன்கள் காற்றை விழுங்கி நீந்தின. பள்ளியில் முதல் வகுப்புக் குழந்தைகள் ஆளுக்கொரு தொட்டியில் காலைமலர்க் கொடியின் விதையை ஊன்றி, நாள்தோறும் நீர் ஊற்றி, படம் வரைந்து வைத்தார்கள். மாத இறுதியில் வயல்களில் நீர் கட்டினார்கள். இரவெல்லாம் தவளைகள் கத்தின. அதைக் கேட்டுக் கொண்டு பாயில் படுத்திருந்தபோது, ஊரை விட்டு எவ்வளவோ தொலைவில் இருக்கிறோம் என்ற எண்ணமே எனக்கு மறந்து போயிற்று.

நாள்தோறும் ஐந்து வரி எழுதுவதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சான்று கூறுகிறேன். கியோட்டோவில் வாழ்ந்த அரசவையினரும் துறவியரும் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் தம் நாட்குறிப்புகளில், இன்று பூ மலர்ந்தது, இன்று பூவிருந்து நடந்தது என்று எழுதி வைத்தார்கள். தம் மகிழ்ச்சிக்காக எழுதியவை அவை. பிற்காலத்தில் அவற்றையெல்லாம் திரட்டி, ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளின் பூப்பு நாள்களை அறிவியலார் வரிசைப்படுத்தினார்கள். 2021-ஆம் ஆண்டில் மார்ச் 26-ஆம் நாளே சகுரா முழுமையாகப் பூத்தபோது, அதற்கு முந்திய பதிவுகள் எவற்றிலும் அவ்வளவு விரைவில் பூத்ததில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நிலவுலகம் வெப்பமடைந்து வருவதற்கு அது ஒரு சாட்சி ஆயிற்று. ஜன்னல் வழியே பார்த்தவர்கள் எழுதி வைத்த சாட்சி!

1990-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான் ஊர் திரும்பினேன். பள்ளிக்குச் சென்ற முதல் நாளிலேயே அந்தப் பையனைத் தேடினேன். ஏழாம் வகுப்பின் பாதியிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, திருப்பூரில் பின்னலாடைத் தொழிலுக்குச் சென்றுவிட்டான் என்றார்கள். வறுமைதான் காரணம் என்றார்கள். இருக்கலாம். ஆயினும் பள்ளியில் அவனுக்கு இருந்த ஒரே இன்பத்தைப் பறித்தவன் நான் என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. பிரம்பை அன்றே விட்டேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிற்காலத்தில் அதனைத் தடை செய்தது. சட்டம் வருமுன்பே எனக்குச் சட்டம் சொன்னவர் அந்த ஜப்பானிய ஆசிரியை. என் மாணவர்களுக்கு ஆளுக்கொரு குறிப்பேடு தந்தேன். ஒவ்வோராண்டும் முதல் வேப்பம்பூ பூத்த நாள், முதற் குயிலோசை கேட்ட நாள், புங்கமரம் தளிர்த்த நாள் இவற்றைக் குறிக்கச் செய்தேன். நான் தலைமையாசிரியராக ஓய்வு பெறும் வரையில் அப்பழக்கம் எங்கள் பள்ளியில் நின்றதில்லை.

2007-ஆம் ஆண்டில் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் நான் நின்று கொண்டிருந்தபோது, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து கைகூப்பினார். "சாருங்க, என்னைத் தெரியுதுங்களா?" என்றார். தெரிந்தது. அந்தக் கைகளைத்தான் முதலில் பார்த்தேன். தம் குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேசிவிட்டு அவரே கேட்டார்: "அந்தப் புங்கமரம் இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்கிறது. அன்று அதில் நீ எதைப் பார்த்துக் கொண்டிருந்தாய்?" என்று பதினெட்டு ஆண்டுகளாகச் சுமந்திருந்த வினாவை இறக்கி வைத்தேன்.

அவர் சிரித்தார். "பட்ட கொம்புல ஒரு பச்சைக் குருவி பொந்து குடைஞ்சுட்டு இருந்ததுங்க. எத்தனை கொத்துக்கு ஒருக்கா நிறுத்துதுன்னு எண்ணிட்டு இருந்தேனுங்க சார்" என்றார்.

நான் நடத்திக் கொண்டிருந்ததும் கணக்குப் பாடந்தான். அவன் செய்து கொண்டிருந்ததும் கணக்குத்தான். நடுவில் நின்ற எனக்குத்தான் அது தெரியவில்லை. "நான் உன்னை அடித்தது தவறு" என்றேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்று சொல்லி, எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

மாணவச் செல்வங்களே, உங்களிற் சிலர் நாளை வெளிநாடு சென்று படிப்பீர்கள். நன்றாகப் படியுங்கள், அதற்காகத்தான் செல்லுகிறீர்கள். ஆனால் அறையைப் பூட்டிக் கொண்டு படித்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்த ஊரில் எந்தப் பூ முதலில் பூக்கிறது, எந்தப் பறவை முதலில் பாடுகிறது என்று கேட்டு அறியுங்கள். வெளிநாடு செல்ல இயலாதவர்கள் வருந்த வேண்டுவதில்லை. சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனிற் காலம். வேம்பு பூக்கும், புங்கு நிழல் விரிக்கும். தேர்வுப் பரபரப்பில் அவற்றைப் பார்க்காமல் நாம் கடந்து போகிறோம். நாளைக் காலையில் ஐந்து நிமிடம் வெளியே நின்று பாருங்கள். நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கும். அதை ஐந்து வரி எழுதி வையுங்கள்.

இந்த உரையைக் கேட்டுக் கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தால், அதட்டுவதற்கு முன்னால் நீங்களும் ஒருமுறை அருகிற் சென்று பாருங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று அந்தக் குழந்தையைக் கேளுங்கள்.